யாருக்கு, எங்கே, எவ்வளவு: உள்ளகச் சேவையகமும் கோப்புறை அனுமதிகளும்

திருப்பூருக்குள் நூலாக நுழையும் பருத்தி, பனியனாக அட்டைப்பெட்டியில் அடைபடுவதற்கு முன் நிட்டிங், டையிங், காம்பேக்டிங், பிரிண்டிங், கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்ற நீண்ட வரிசையைக் கடக்கிறது. இவற்றில் பல வேலைகள் ஒரே கூரையின்கீழ் நடப்பதில்லை; நகரின் பல மூலைகளிலும் அவிநாசி, பல்லடம், பெருமாநல்லூர் போன்ற சுற்றுவட்டார ஊர்களிலும் உள்ள தனித்தனி யூனிட்டுகளில் ஜாப் ஒர்க்காக நடக்கின்றன. துணி கைமாறும் ஒவ்வொரு கட்டத்திலும் அதைப் பற்றிய தகவலும் உடன் செல்ல வேண்டியிருக்கிறது: ஆடையின் அளவுகள், துணியின் எடை, நிறம், தையல் வகை, லேபிள் வைக்க வேண்டிய இடம் ஆகியவற்றைக் கூறும் டெக் பேக் என்ற ஆவணம், பிரிண்டிங்குக்கான டிசைன் கோப்பு, லாட் வாரியான சாயக் குறிப்பு, டெலிவரி சலான், பீஸ் ரேட் கூலிக் கணக்கு என்று அது பல வடிவம் எடுக்கிறது.

இத்தகவல்களை ஆளுக்கொரு கணினியில் சிதறவிடாமல் ஒரே கணினியில் வைத்து, அலுவலகத்தின் மற்றக் கணினிகளும் கைப்பேசிகளும் பிரவுசர் வழியாக அதைப் பார்க்கும்படி செய்வது சிக்கனமான ஏற்பாடாகும். பிரவுசர் கேட்கும் பக்கத்தை எடுத்துக் கொடுக்கும் மென்பொருளுக்கு வலைச் சேவையகம், அதாவது வெப் சர்வர், என்று பெயர். 1995இல் வெளிவந்த அப்பாச்சியும் 2004இல் வெளிவந்த என்ஜின்எக்ஸும் இவ்வகையில் பரவலாகப் பயன்படுபவை. இணையத்தில் எங்கோ இருக்கும் கணினியில் அல்லாமல் நிறுவனத்தின் சொந்த வலைப்பின்னலுக்குள்ளேயே, 192.168 என்று தொடங்கும் தனிப்பட்ட முகவரி ஒன்றில், இயங்குவதால் இது உள்ளகச் சேவையகம் எனப்படுகிறது. இதை நிறுவுவதற்குச் சில நிமிடங்களே ஆகும். ஆனால், டிசைன் கோப்புகள் நிறைந்த கோப்புறையை அதனுடன் இணைத்து, ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசரின் கணினியில் முகவரியைத் தட்டியதும், திரையில் பக்கம் வராமல் 403 என்ற எண்ணும் அனுமதி மறுக்கப்பட்டது என்ற செய்தியும் தோன்றுவது மிகப் பொதுவான அனுபவமாகும். கோப்பு இருக்கிறது, கோப்புறை இருக்கிறது, வலைப்பின்னலும் இயங்குகிறது. இருந்தும் கணினி தர மறுக்கிறது. அம்மறுப்பு கணினியின் கோளாறன்று, அரை நூற்றாண்டுக்கு மேலாகச் செப்பனிடப்பட்டு வந்த ஒரு பாதுகாப்பு முறையின் சரியான இயக்கம் என்பதையும், அதை உடைக்காமலேயே சிக்கலைத் தீர்க்க முடியும் என்பதையும் இந்த அத்தியாயம் விளக்குகிறது.

சேவையகமும் ஒரு பயனரே

லினக்ஸ் போன்ற இயங்குதளத்தில், கணினியின் முன் அமர்ந்து கடவுச்சொல் கொடுத்து நுழையும் மனிதர்கள் மட்டும் பயனர்கள் அல்லர். இயங்கிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு மென்பொருளும் ஏதேனும் ஒரு பயனரின் பெயரிலேயே இயங்குகிறது. அது ஒரு கோப்பைத் தொடும்போது, இயங்குதளத்தின் மையமான கர்னல், யார் பெயரில் இந்தக் கோரிக்கை வருகிறது என்பதையே முதலில் பார்க்கிறது. டெபியன், உபுண்டு ஆகிய லினக்ஸ் வகைகளில் வலைச் சேவையகம் டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா என்ற பெயரிலும், ரெட் ஹாட் வழிவந்த வகைகளில் அப்பாச்சி சேவையகம் அப்பாச்சி என்ற பெயரிலேயும் இயங்குகிறது. சென்னை சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கியதும், தமிழக அரசு மாணவர்களுக்கு வழங்கிய இலவச மடிக்கணினிகளில் விண்டோஸுடன் இடம்பெற்றதுமான பாஸ் லினக்ஸும் முதல் வகையைச் சேர்ந்ததாகும்.

இந்தச் சேவையகப் பயனருக்குக் கடவுச்சொல் கிடையாது, அந்தப் பெயரில் யாரும் உள்நுழைவதும் இல்லை. வலைப்பின்னல் கோரிக்கைகள் வந்துசேரும் எண்ணிட்ட வாயில்களான போர்ட்டுகளில் 1024க்குக் குறைவான எண்ணுள்ளவற்றைத் திறக்கும் உரிமை வழக்கமாக ரூட் எனப்படும் முதன்மைப் பயனருக்கே உரியது என்பதால், 80ஆம் போர்ட்டில் காத்திருக்க வேண்டிய அப்பாச்சி முதலில் ரூட்டின் பெயரில் எழுகிறது. ஆனால், வெளியிலிருந்து வரும் கோரிக்கைகளுக்குப் பதில் சொல்லும் வேலையை, அதிகாரம் குறைந்த டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டாவின் பெயரில் இயங்கும் துணைச் செயல்முறைகளிடம் விட்டுவிடுகிறது. எவரோ அனுப்பும் எந்தக் கோரிக்கையையும் படித்துப் பார்க்க வேண்டிய மென்பொருள் ஏமாற்றப்படக்கூடும் என்பதும், ஏமாற்றப்பட்டாலும் அதனால் செய்யக்கூடிய தீங்கு சிறிதாகவே இருக்க வேண்டும் என்பதும் இந்த ஏற்பாட்டின் காரணமாகும்.

உரிமையும் அனுமதியும் வேறு வேறு என்ற, இந்த ஏற்பாட்டின் அடியில் உள்ள கருத்து திருப்பூருக்குப் புதிதன்று. சாயப்பட்டறைக்கோ பிரிண்டிங் யூனிட்டுக்கோ ஜாப் ஒர்க்குக்காக அனுப்பப்படும் துணி, சலானுடன் அங்கே சென்றாலும், அனுப்பியவரின் உடைமையாகவே நீடிக்கிறது. 2017ஆம் ஆண்டின் மத்திய சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டத்தின் 143ஆம் பிரிவு, வரி செலுத்தாமல் அப்படி அனுப்பப்படும் மூலப்பொருள் ஓராண்டுக்குள் திரும்பிவர வேண்டும் அல்லது அங்கிருந்தே முறைப்படி விற்பனைக்குச் செல்ல வேண்டும் என்று வரையறுக்கிறது. பிரிண்டிங் யூனிட்டுக்கு அத்துணியில் அச்சிட அனுமதி உண்டு, தன் விருப்பம்போல் விற்க அனுமதி இல்லை. கோப்பின் உரிமையாளர் ஒருவராகவும், அதைப் படித்துக் காட்டும் வேலை மட்டும் சேவையகத்துக்கு உரியதாகவும் இருப்பது இதே வகையான பிரிவினையாகும்.

ஒன்பது பிட்டுகளின் வரலாறு

ஒரே கணினியைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தத் தொடங்கிய 1960களில்தான் கோப்பு அனுமதி ஒரு பிரச்சினையாக எழுந்தது. எம்.ஐ.டி., ஜெனரல் எலெக்ட்ரிக், பெல் ஆய்வகம் ஆகியவை சேர்ந்து உருவாக்கிய மல்டிக்ஸ் இயங்குதளத்தில், ஒவ்வொரு கோப்புக்கும் யார் யார் என்னென்ன செய்யலாம் என்ற விரிவான பட்டியல் இருந்தது. மல்டிக்ஸிலிருந்து பெல் ஆய்வகம் விலகிய 1969இல் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் அங்கே தொடங்கிய யுனிக்ஸ், அப்பட்டியலை மிகச் சில பிட்டுகளாகச் சுருக்கியது. ஒரு பிட் என்பது ஆம் அல்லது இல்லை என்ற ஒரே விடையைத் தாங்கும் மிகச் சிறிய தகவல் அலகாகும்.

ரிச்சியும் தாம்சனும் 1974இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையில் யுனிக்ஸ் கோப்பின் பாதுகாப்புக்கு ஏழு பிட்டுகளே சொல்லப்பட்டிருந்தன: உரிமையாளருக்குப் படித்தல், எழுதுதல், இயக்குதல் என்று மூன்று, மற்ற எல்லோருக்கும் அதே மூன்று, இவற்றுடன் ஒரு நிரலை இயக்குபவர் தற்காலிகமாக அந்நிரலின் உரிமையாளரது அதிகாரத்தைப் பெறச் செய்யும் ஏழாவது பிட். அக்கட்டுரையின் 1978ஆம் ஆண்டுத் திருத்திய வடிவத்தில் இந்த எண்ணிக்கை பத்தாகிவிட்டது. உரிமையாளருக்கும் உலகத்துக்கும் நடுவே குழு என்ற மூன்றாவது வகை சேர்ந்ததே அதற்குக் காரணம். தனி ஒருவருக்கு மட்டும் என்பதும் எல்லோருக்கும் என்பதும் போதாது, சேர்ந்து வேலை செய்யும் சிலருக்கு மட்டும் என்ற நிலையும் தேவை என்பதை நடைமுறை உணர்த்தியிருந்தது. இன்றைய லினக்ஸும் மேக் இயங்குதளமும் மூன்று வகையினருக்கும் மும்மூன்றாக அமைந்த அந்த ஒன்பது அடிப்படைப் பிட்டுகளையே இன்னும் சுமக்கின்றன.

ஒன்பது பிட்டுகளும் மும்மூன்றாகப் பிரிவதால் அவற்றை மூன்று இலக்கங்களில் எழுதிவிட முடிகிறது. படிக்கும் அனுமதிக்கு 4, எழுதும் அனுமதிக்கு 2, இயக்கும் அனுமதிக்கு 1 என்று மதிப்பளித்துக் கூட்டினால், எட்டுவிதச் சேர்க்கைகளுக்கும் 0 முதல் 7 வரை தனித்தனி எண் கிடைக்கிறது. 640 என்றால் உரிமையாளர் படிக்கவும் எழுதவும் செய்யலாம், குழுவினர் படிக்க மட்டும் செய்யலாம், பிறருக்கு எதுவும் இல்லை என்று பொருள். 755 என்றால் உரிமையாளருக்கு மூன்றும், மற்ற இரு வகையினருக்கும் படித்தலும் இயக்குதலும் உண்டு. இந்த எண்ணை மாற்றும் கட்டளை சிஎச்மாட் என்றும், உரிமையாளரையும் குழுவையும் மாற்றும் கட்டளை சிஎச்ஓன் என்றும் அழைக்கப்படுகின்றன.

கர்னல் இந்த மூன்று இலக்கங்களையும் கூட்டிப் பார்ப்பதில்லை, அவற்றில் ஒன்றையே பார்க்கிறது என்பது கவனத்துக்குரியது. கேட்பவர் உரிமையாளரானால் முதல் இலக்கம் மட்டும், அவர் உரிமையாளரல்லாத குழு உறுப்பினரானால் இரண்டாவது மட்டும், இரண்டும் அல்லாதவரானால் மூன்றாவது மட்டும் கணக்கில் கொள்ளப்படும். எனவே, 047 என்ற அனுமதியுள்ள கோப்பைக் குழுவுக்கு வெளியே உள்ள ஊரார் எல்லோரும் படிக்கவும் எழுதவும் முடிந்தாலும் அதன் உரிமையாளரால் படிக்க முடியாது. அனுமதிச் சிக்கலை ஆராய்பவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, எண் என்ன என்பதன்று. இந்தக் கோப்பைப் பொறுத்தவரை சேவையகம் எந்த வகையினர் என்பதே ஆகும்.

கோப்புறையில் அனுமதியின் பொருள்

கோப்பைப் பொறுத்தவரை படித்தல், எழுதுதல், இயக்குதல் ஆகிய மூன்றும் வெளிப்படையான பொருள் உடையவை. கோப்புறையைப் பொறுத்தவரை அவற்றின் பொருள் மாறுகிறது. குழப்பங்களில் பெரும்பகுதி இங்கேதான் பிறக்கிறது. கோப்புறை என்பது உண்மையில் கோப்புகளைத் தனக்குள் வைத்திருக்கும் பொருளன்று. எந்தப் பெயர் வட்டில் எந்தப் பதிவைச் சுட்டுகிறது என்று கூறும் பட்டியலாகும். எனவே, கோப்புறையில் படிக்கும் அனுமதி என்பது பட்டியலில் உள்ள பெயர்களைக் காணும் அனுமதி. எழுதும் அனுமதி என்பது பட்டியலில் பெயரைச் சேர்க்கவும் நீக்கவும் மாற்றவுமான அனுமதி. இயக்கும் அனுமதி என்பது அக்கோப்புறையைக் கடந்து அதற்கு அப்பால் உள்ளவற்றை அணுகும் அனுமதி.

இதிலிருந்து மூன்று விளைவுகள் தொடர்கின்றன. முதலாவதாக, ஒரு கோப்பை அடைவதற்கு, எல்லாவற்றுக்கும் மேலே உள்ள மூலக் கோப்புறையிலிருந்து அக்கோப்பு வரை வழியில் உள்ள ஒவ்வொரு கோப்புறையிலும் கடக்கும் அனுமதி தேவைப்படுகிறது. நடுவில் ஒன்றில் அது இல்லாவிட்டால், கடைசியில் உள்ள கோப்பின் எண் எவ்வளவு தாராளமாக இருந்தாலும் பயனில்லை. இரண்டாவதாக, பெயர்களைக் காட்டாமலேயே கடக்க மட்டும் விடுவது சாத்தியமாகிறது. 711 அனுமதியுள்ள கோப்புறையில், சரியான பெயரை அறிந்தவர் கோப்பை அடையலாம், அறியாதவர் பட்டியலைப் பார்த்துத் தேட முடியாது. மூன்றாவதாக, ஒரு கோப்பை நீக்கும் அதிகாரம் அக்கோப்பின் எண்ணைச் சார்ந்ததன்று, அது இருக்கும் கோப்புறையின் எண்ணைச் சார்ந்தது. கூலிக் கணக்குக் கோப்புக்கு 444 என்று, அதாவது எவரும் படிக்க மட்டும் முடியும்படி, அனுமதி கொடுத்துவிட்டு அது இருக்கும் கோப்புறைக்கு 777 கொடுத்திருந்தால், யார் வேண்டுமானாலும் அக்கோப்பை நீக்கிவிட்டு அதே பெயரில் வேறு கணக்கை வைத்துவிட முடியும். எல்லோரும் எழுதும் தற்காலிகக் கோப்புறையில் இந்த ஆபத்தைத் தவிர்ப்பதற்காகவே, அவரவர் கோப்பை அவரவரே நீக்க முடியும்படி செய்யும் ஸ்டிக்கி பிட் என்ற கூடுதல் பிட்டும், அதைக் குறிக்கும் 1777 என்ற நான்கிலக்க எண்ணும் பயன்படுகின்றன.

403இன் மூலத்தைக் கண்டறிதல்

உபுண்டு இயங்கும் கணினி ஒன்றில், அதைப் பராமரிப்பவர் தமக்கே உரிய ஹோம் கோப்புறைக்குள் ஆர்டர்கள் என்ற கோப்புறையை உருவாக்கி, டிசைன் படங்களை வைத்து, அப்பாச்சியை அதன்பால் திருப்பியிருப்பதாகக் கொள்ளலாம். படக் கோப்புகள் 644, கோப்புறை 755 என்று முறையாகவே இருந்தும் 403 வருகிறது. காரணம் ஒரு படி மேலே இருக்கிறது. உபுண்டுவின் 21.04 பதிப்பு வரும்வரை புதிய பயனரின் ஹோம் கோப்புறை 755 அனுமதியுடன், பிறர் கடந்து செல்லும்படி உருவாக்கப்பட்டது. அப்பதிப்பிலிருந்து அது 750 ஆக மாற்றப்பட்டது. உரிமையாளருமல்லாத, குழு உறுப்பினருமல்லாத சேவையகத்துக்குப் பொருந்துவது கடைசி இலக்கமான சுழியம் என்பதால், ஆர்டர்கள் கோப்புறையை எட்டுவதற்கு முன்பே அது நிறுத்தப்பட்டுவிடுகிறது. பழைய கணினியில் ஆண்டுக்கணக்கில் வேலை செய்த அமைப்பு புதிய கணினியில் அப்படியே நகலெடுத்தும் வேலை செய்யாமல் போவதற்கு இத்தகைய இயல்புநிலை மாற்றங்கள் காரணமாகின்றன.

ஆனால், 403 என்ற எண் எப்போதும் கோப்புறை அனுமதியைச் சுட்டுவதில்லை. அப்பாச்சியின் பிழைப் பதிவேடு, பிரவுசர் சொல்லாத காரணத்தைச் சொல்கிறது. பாதையின் ஏதோ ஒரு பகுதியில் கடக்கும் அனுமதி இல்லை என்று பதிவாகியிருந்தால் சிக்கல் கோப்புறைகளில் இருக்கிறது. சேவையகத்தின் அமைப்பே கேட்பவரை மறுத்தது என்று பதிவாகியிருந்தால், கோப்புறையின் எண்ணை எவ்வளவு மாற்றினாலும் பயனில்லை. அப்பாச்சியின் அமைப்புக் கோப்பில் அக்கோப்புறையைத் திறந்துவிடும் வரியைச் சேர்க்க வேண்டும். கோப்புறையில் முகப்புப் பக்கம் இல்லை, பட்டியல் காட்டவும் அனுமதி இல்லை என்று பதிவாகியிருந்தால் மூன்றாவது காரணம் தெளிவாகிறது. ஒரே எண்ணுக்கு மூன்று நோய்கள் இருப்பதால், பதிவேட்டைப் படிக்காமல் தொடங்கும் சிகிச்சை குருட்டாம்போக்கில் முடிகிறது.

கோப்புறைதான் காரணம் என்று உறுதியானால், மூலக் கோப்புறையிலிருந்து கோப்பு வரை ஒவ்வொரு படியின் உரிமையாளர், குழு, அனுமதி ஆகியவற்றை ஒன்றன்கீழ் ஒன்றாகக் காட்டும் நேம்ஐ என்ற சிறிய கட்டளை, தடை எந்தப் படியில் இருக்கிறது என்பதை ஒரே பார்வையில் காட்டிவிடுகிறது. ரெட் ஹாட் வழிவந்த லினக்ஸில் எல்லா எண்களும் சரியாக இருந்தும் மறுப்பு தொடர்ந்தால், எஸ்இலினக்ஸ் என்ற இரண்டாவது காவல் அடுக்கைப் பார்க்க வேண்டும். அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமை 2000ஆம் ஆண்டின் இறுதியில் வெளியிட்ட இம்முறை, ஒவ்வொரு கோப்பிலும் ஒரு வகைக் குறியீட்டைப் பதித்து, வலைச் சேவையகம் தனக்குரிய குறியீடுள்ள கோப்புகளை மட்டுமே தொட விடுகிறது. ஹோம் கோப்புறையிலிருந்து நகர்த்தப்பட்ட கோப்பு பழைய குறியீட்டுடனேயே வருவதால் சேவையகம் தடுக்கப்படுகிறது. புதிய இடத்துக்குரிய குறியீட்டை மீண்டும் பதிப்பது தீர்வாகும். நேரமில்லை என்று எஸ்இலினக்ஸையே அணைத்துவிடுவது தீர்வாகாது.

777 என்னும் பொய்த் தீர்வு

காரணம் தெரியாதபோது கைகள் நாடும் எண் 777. எல்லோருக்கும் எல்லாம் என்ற இந்த அனுமதியைக் கோப்புறைக்கும் அதன் உள்ளடக்கம் முழுவதற்கும் கொடுத்துவிட்டால் பக்கம் வந்துவிடும் என்ற ஆலோசனை மிகப் பரவலானது. பல வேளைகளில் பக்கம் வந்துவிடுவதே அதன் ஆபத்து. மேற்சொன்ன எடுத்துக்காட்டில் ஆர்டர்கள் கோப்புறைக்கு 777 கொடுத்தாலும் பக்கம் வராது, ஏனெனில் தடை அதற்கு மேலே இருக்கிறது. அடுத்த முயற்சியாக ஹோம் கோப்புறை முழுவதற்கும் 777 கொடுத்தால் பக்கம் வரும். ஆனால், பிறர் எழுதக்கூடிய ஹோம் கோப்புறையை நம்ப மறுக்கும் எஸ்எஸ்எச் சேவை, அதுவரை ஏற்றுக்கொண்ட சாவிக் கோப்பை நிராகரித்துத் தொலைவிலிருந்து நுழையும் வழியை அடைத்துவிடும். மூலக் கோப்புறையிலிருந்தே 777 கொடுத்துவிட்டால், ரூட்டின் அதிகாரத்தைத் தற்காலிகமாகத் தரும் சுடூ கட்டளை இயங்க மறுத்து, செய்த தவற்றைத் திருத்தும் அதிகாரத்தையும் பறித்துவிடும்.

இவற்றைவிடப் பெரிய தீங்கு கண்ணுக்குத் தெரியாமல் நிகழ்கிறது. வலைச் சேவையகம் பிஎச்பி போன்ற மொழியில் எழுதப்பட்ட நிரல்களையும் இயக்குகிறது. சேவையகத்தால் எழுதப்படக்கூடிய கோப்புறையும், நிரல் இயக்கப்படக்கூடிய கோப்புறையும் ஒன்றாகவே இருந்தால், படம் ஏற்றும் படிவத்தில் உள்ள சிறு ஓட்டையின் வழியாகப் படத்துக்குப் பதில் ஒரு நிரலை ஏற்றி, அதன் முகவரியை பிரவுசரில் தட்டி இயக்கிவிட முடியும். அந்நிரல் சேவையகத்தின் பெயரில் இயங்குவதால் சேவையகம் படிக்கக்கூடிய அனைத்தையும் படிக்கும், எழுதக்கூடிய அனைத்தையும் மாற்றும். கோப்புகளைப் பூட்டிப் பணயம் கேட்கும் ரான்சம்வேர் மென்பொருளும் அவ்வாறே, தான் எந்தப் பயனரின் பெயரில் இயங்குகிறதோ அப்பயனர் எழுதக்கூடிய கோப்புகளையே பூட்டுகிறது. எல்லோரும் எழுதலாம் என்று விடப்பட்ட கோப்புறைகளில் அதற்குத் தடையே இல்லை.

உள்ளகச் சேவையகந்தானே, வெளியார் எவரும் அணுக முடியாதே என்ற வாதம் வலுவற்றது. பேக்கிங் பிரிவின் கைப்பேசிகளும், ஆர்டர் கொடுத்த பையரிடமிருந்து ஆய்வுக்கு வரும் பிரதிநிதியின் மடிக்கணினியும், ஜாப் ஒர்க் யூனிட்டிலிருந்து வரும் பென் டிரைவும் அதே வலைப்பின்னலைத் தொடுகின்றன. அவற்றில் ஒன்றில் தொற்று இருந்தால் சேவையகத்துக்கு அது உள்ளிருந்து வரும் கோரிக்கையாகவே தெரியும்.

ஜெரோம் சால்ட்சரும் மைக்கேல் ஷ்ரோடரும் 1975இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை கணினிப் பாதுகாப்புக்கான வடிவமைப்புக் கொள்கைகளைத் தொகுத்துக் கூறியது. ஒவ்வொரு நிரலும் ஒவ்வொரு பயனரும் தம் வேலையை முடிக்கத் தேவையான மிகக் குறைந்த அதிகாரத்துடனேயே இயங்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. வெளிப்படையாக அனுமதிக்கப்படாதது மறுக்கப்பட்டதாகவே இருக்க வேண்டும் என்பது மற்றொன்று. 403 என்ற மறுப்பு இரண்டாவது கொள்கையின் வெளிப்பாடு. 777 என்ற எண் இரண்டு கொள்கைகளையும் ஒருசேர மீறுகிறது.

சரியான ஏற்பாடு

முதற்படி இடத்தைத் தேர்வதாகும். தனிமனிதரின் ஹோம் கோப்புறையைத் திறந்துவிடுவதைவிட, வலைப் பக்கங்களுக்கென்றே லினக்ஸில் வகுக்கப்பட்ட பொது இடத்துக்கு ஆர்டர்கள் கோப்புறையை மாற்றுவது நல்லது. அவ்வாறு செய்தால் பாதையில் உள்ள மேற்படிகள் எல்லாம் இயல்பாகவே கடக்கக்கூடியவையாக அமைந்துவிடுகின்றன. மாற்றும்போது, நகர்த்தப்பட்ட கோப்பு தன் பழைய உரிமையாளரையும் எண்ணையும் சுமந்து வரும், நகலெடுக்கப்பட்ட கோப்பு நகலெடுத்தவரின் உடைமையாகப் புதிதாகப் பிறக்கும் என்ற வேறுபாட்டை மனத்தில் கொள்ள வேண்டும்.

இரண்டாம் படியில், கோப்புகளின் உரிமையாளராகப் பராமரிப்பவரையும் குழுவாகச் சேவையகத்தின் குழுவையும் அமைத்து, கோப்புறைகளுக்கு 750, கோப்புகளுக்கு 640 கொடுக்கலாம். பராமரிப்பவர் திருத்தலாம், சேவையகம் படித்துக் காட்டலாம், இருவரும் அல்லாத கணக்குகளுக்கு அங்கே வேலை இல்லை. கோப்புக்கும் கோப்புறைக்கும் ஒரே எண்ணைக் கொடுத்துவிடாமல் இருப்பது முக்கியம்; எல்லாவற்றுக்கும் 640 கொடுத்தால் கோப்புறைகளைக் கடக்க முடியாது, எல்லாவற்றுக்கும் 750 கொடுத்தால் படக் கோப்புகளும் இயக்கக்கூடியவையாகக் குறிக்கப்படும். சிஎச்மாட் கட்டளையில் பெரிய எக்ஸ் எழுத்தால் அனுமதி கொடுத்தால், அது கோப்புறைகளுக்கும் ஏற்கெனவே இயக்கும் அனுமதி பெற்றிருந்த கோப்புகளுக்கும் மட்டுமே பொருந்தும்.

மூன்றாம் படி, சேவையகம் உண்மையிலேயே எழுத வேண்டிய இடங்களைத் தனியே பிரிப்பது. செக்கிங் பிரிவு குறைபாட்டுப் படங்களை ஏற்றும் கோப்புறை அத்தகையது. அதற்கு மட்டும் 2770 கொடுத்து, அங்கே எந்த நிரலும் இயங்காதபடி சேவையகத்தின் அமைப்பில் தடுத்துவிட வேண்டும். முன்னால் நிற்கும் 2 என்ற இலக்கம், அங்கே யார் புதிய கோப்பை உருவாக்கினாலும் அது உருவாக்கியவரின் குழுவுக்குப் போகாமல் கோப்புறையின் குழுவையே பெறச் செய்கிறது. நேற்று வேலை செய்தது இன்று புதிதாகச் சேர்ந்த கோப்பில் மட்டும் ஏன் மறுக்கப்படுகிறது என்ற புதிர்களில் பல இதனால் மறைகின்றன. புதிய கோப்புகளிலிருந்து எந்த அனுமதிகளைக் கழிக்க வேண்டும் என்று சொல்லும் யூமாஸ்க் என்ற மதிப்பும் இதனுடன் சேர்ந்தது: 022 என்றால் புதிய கோப்பு 644 ஆகவும், 027 என்றால் 640 ஆகவும் பிறக்கும். ஒருவரைப் புதிதாகக் குழுவில் சேர்த்தால், அவர் வெளியேறி மீண்டும் நுழைந்த பிறகே அது செல்லுபடியாகும். சேவையகத்தைச் சேர்த்திருந்தால் அதை மறுபடியும் தொடங்க வேண்டும். இயங்கத் தொடங்கும்போதே ஒரு செயல்முறையின் குழுக்கள் முடிவாகிவிடுகின்றன என்பதே காரணம்.

நான்காம் படி பிரிவினையை இன்னும் ஆழமாக்குவது. டிசைன் பட்டியலைக் காட்டும் செயலியும் கூலிக் கணக்குச் செயலியும் ஒரே சேவையகப் பயனரின் பெயரில் இயங்கினால், முதலாவதில் உள்ள ஓட்டை இரண்டாவதின் கோப்புகளுக்கும் வழிவிடும். 2010இல் வெளியான பிஎச்பி 5.3.3 முதல் அம்மொழியுடன் சேர்ந்துவரும் எஃப்பிஎம் ஏற்பாடு, ஒவ்வொரு செயலியையும் தனித்தனிப் பயனரின் பெயரில் இயக்க இடம் தருகிறது.

இறுதியாகச் சோதனை. சேவையகப் பயனரின் பெயரிலேயே ஒரு கோப்பைப் படித்துப் பார்ப்பது சோதனையின் ஒரு பாதியே. அதே பெயரில் எழுத முயன்று, மறுக்கப்படுகிறதா என்று பார்ப்பது மறுபாதி. பக்கம் திரையில் வந்துவிட்டது என்பது போதுமான அனுமதி இருப்பதை மட்டுமே நிறுவுகிறது. மிகையான அனுமதி இல்லை என்பதை இந்த இரண்டாவது சோதனையே நிறுவும்.

விண்டோஸும் பென் டிரைவும்

1993இல் வந்த விண்டோஸ் என்டியுடன் அறிமுகமான என்டிஎஃப்எஸ் கோப்பு முறை, மூன்று வகையினர் என்ற சுருக்கத்தை ஏற்காமல், மல்டிக்ஸைப் போல ஒவ்வொரு கோப்புக்கும் விரிவான அனுமதிப் பட்டியலை வைத்துக்கொள்கிறது. எனினும், கற்பவர்கள் பெரிதும் நாடும் சாம்ப் தொகுப்பை விண்டோஸில் நிறுவி, அதன் கட்டுப்பாட்டுப் பலகத்திலிருந்து அப்பாச்சியைத் தொடங்கும்போது, அது நுழைந்திருக்கும் மனிதரின் பெயரிலேயே இயங்குவதால் அனுமதிச் சிக்கல் பெரும்பாலும் தலைகாட்டுவதில்லை. அங்கே எழுதிச் சோதிக்கப்பட்ட செயலி லினக்ஸுக்கு மாற்றப்பட்டதும் மறுக்கப்படுவதைக் கண்டு லினக்ஸைக் குறைகூறுவது பிழை. சேவையகமும் மனிதரும் வேறு வேறு பயனர்கள் என்ற உண்மை விண்டோஸில் மறைந்திருந்தது, லினக்ஸில் வெளிப்பட்டது, அவ்வளவே.

பென் டிரைவுகளில் வழக்கமான ஃபேட், எக்ஸ்ஃபேட் கோப்பு முறைகளில் யுனிக்ஸ் அனுமதிகளை எழுதிவைக்க இடமே இல்லை. பென் டிரைவைக் கணினியில் செருகும்போது அதில் உள்ள அனைத்துக்கும் ஒரே உரிமையாளரும் ஒரே எண்ணும் ஒட்டுமொத்தமாக ஏற்றிக் காட்டப்படுகின்றன. அங்குள்ள கோப்பில் சிஎச்மாட் கட்டளையைக் கொடுத்தால் பயன் இராது. ஆகவே, பென் டிரைவில் உள்ள டிசைன்களை அங்கிருந்தே சேவையகத்தின் வழியாகக் காட்ட முயல்வதைவிட, அவற்றைச் சேவையகக் கோப்புறைக்கு நகலெடுத்து உரிமையாளரையும் எண்ணையும் அங்கே முறைப்படுத்துவதே வழி.

எண்ணுக்குப் பின்னுள்ள மனிதர்கள்

திருப்பூரின் ஒரு நிறுவனத்துச் சேவையகத்தில் இருப்பவை வெறும் கோப்புகள் அல்ல. பையர் நம்பிக்கையுடன் அனுப்பிய, இன்னும் கடைக்கு வராத டிசைன் அங்கே இருக்கிறது. தமிழகத்தின் பிற மாவட்டங்களிலிருந்தும் ஒடிசா, பிகார், ஜார்க்கண்ட் போன்ற மாநிலங்களிலிருந்தும் வந்து உழைக்கும் தொழிலாளர்களின் அடையாள அட்டை நகல்களும் வங்கிக் கணக்கு எண்களும் கூலி விவரங்களும் அங்கே இருக்கின்றன. தமது தகவல் எந்தக் கணினியில், எந்த எண்ணின் பாதுகாப்பில் இருக்கிறது என்று அத்தொழிலாளர்களால் பார்க்க முடியாது. அதைப் பார்க்க வேண்டியவர் சேவையகத்தைப் பராமரிப்பவரே. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தனிநபர் தரவைக் கையாளும் நிறுவனம் தகுந்த பாதுகாப்பு ஏற்பாடுகளைச் செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்க இடமளிப்பதும் இந்தப் பொறுப்பின் கனத்தைக் காட்டுகிறது.

கோப்புறைகளை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே உரிமையாளர், படிப்பவர், எழுதுபவர், அதற்கான காரணம் ஆகியவற்றைக் குறித்து வைத்த ஒற்றைத் தாள், விலையுயர்ந்த பாதுகாப்பு மென்பொருள் வாங்க இயலாத சிறு யூனிட்டுக்கும் எட்டக்கூடியது. ஊழியர் ஒருவர் விலகும்போதும், புதிய செயலி ஒன்று சேரும்போதும், கணினி மாற்றப்படும்போதும் அத்தாளைச் சேவையகத்துடன் ஒப்பிட்டால், எப்போதோ அவசரத்தில் திறந்துவிட்டு மறந்துபோன இடங்கள் வெளிப்படும். பக்கம் திறக்கிறதா என்பதைக் கொண்டு அனுமதிகளை மதிப்பிடக் கூடாது. இந்தக் கோப்புறைக்கு ஏன் இந்த எண் என்று எவர் கேட்டாலும், ஒவ்வொரு இலக்கத்துக்கும் பராமரிப்பவரால் காரணம் சொல்ல முடிகிறதா என்பதே உண்மையான அளவுகோலாகும்.